குழந்தைகளோடும் பெரியவர்களோடும் பெய்ஜிங் அரச பூங்காக்கள்: ஒரு குளிர்கால வழிகாட்டி

பெய்ஜிங் போக நினைப்பவர்களிடம் ஏப்ரல், மே, இல்லையென்றால் அக்டோபர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அரச பூங்காக்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜனவரியில் போங்கள் என்பேன். இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும்போதுதான் அவற்றை வகுத்தவர்களின் கணக்கு கண்ணுக்குப் புலப்படுகிறது. எந்த மேட்டில் நின்றால் எந்தக் கோபுரம் தெரிய வேண்டும், எந்த முற்றத்தைத் தாண்டியதும் ஏரி விரிய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் அமைத்திருக்கிறார்கள். கோடையில் பச்சையும் கூட்டமும் அதை மறைத்துவிடும். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடுவதால் குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானமும் கிடைத்துவிடுகிறது.

குளிரும் நிஜம்தான். ஜனவரியில் பகலில் 2 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 8 என்பது சராசரி. காற்று அடித்தால் அதைவிடக் கடுமையாக உறைக்கும். நம் ஊர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது பழக்கமில்லாத விஷயம். சரியாகத் திட்டமிட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் சந்தோஷமாகச் சுற்றி வரலாம். அந்தத் திட்டத்தைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பெய்ஜிங்கில் பார்க்க வேண்டிய அரச பூங்காக்கள் மூன்று. நகரின் நடுவில் பெய்ஹாய். வடமேற்கில், கோடைக்கால அரண்மனை என்று நாம் அழைக்கும் யீஹெயுவான். அதற்குப் பக்கத்திலேயே, எரிந்து இடிபாடாகக் கிடக்கும் யுவான்மிங்யுவான். ஒரு நாளைக்கு ஒரு பூங்கா மட்டும்தான். காலையில் பெருஞ்சுவர், மதியம் யீஹெயுவான் என்று ஒரே நாளில் கட்டித் தரும் சுற்றுலாக்களைக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் தவிர்த்துவிடுவது நல்லது. அதில் இரண்டையுமே பார்த்ததாக ஆகாது.

முதல் படி: தேதியைத் தேர்ந்தெடுப்பது

வட சீனத்தில் குளிர்காலத்தை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவார்கள். டிசம்பர் 21 அல்லது 22, அதாவது ஆண்டின் மிகக் குறுகிய பகல் உள்ள நாள், கணக்கின் தொடக்கம். அங்கிருந்து ஒன்பது ஒன்பதுகள், மொத்தம் 81 நாள். இதற்கு ஒரு பாட்டே உண்டு: முதல் இரண்டு ஒன்பதில் கையை வெளியே நீட்டாதே, மூன்றாம் நான்காம் ஒன்பதில் பனிக்கட்டி மேல் நட, ஐந்தாம் ஆறாம் ஒன்பதில் ஆற்றங்கரை வில்லோ மரத்தைப் பார் என்று போகும். மூன்றாம் ஒன்பதும் நான்காம் ஒன்பதும் சுமார் ஜனவரி 8 முதல் 26 வரை வரும். நம் பொங்கல் விடுமுறை அதற்குள் அமைந்துவிடுகிறது. உறைந்த ஏரியில் இறங்கி விளையாட வேண்டும் என்றால் உங்கள் தேதி அதுதான்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில்தான் முடியும் என்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஏரியின் சறுக்குத்திடல் அப்போது திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த நாட்களில் மட்டும் காணக் கிடைக்கும் வேறொரு காட்சி யீஹெயுவானில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அந்த வாரத்தையும் அதற்கு முந்தைய சில நாட்களையும் விட்டுவிடுங்கள். ரயில், விமானம், ஓட்டல் எல்லாமே நிரம்பிவிடும்.

இரண்டாம் படி: காகிதமும் கைப்பேசியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே விசா எடுத்தாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 30 நாள் வரை விசா தேவையில்லை. பூங்காக்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கவும் கடவுச்சீட்டு வேண்டும். குழந்தைகளுடையதையும் ஓட்டலில் பூட்டி வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

பணத்தாள் செல்லும் என்றாலும் கடைக்காரர்கள் சில்லறைக்குத் தடுமாறுவார்கள். ஊரிலேயே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியை இறக்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்து, அடையாளச் சரிபார்ப்பையும் முடித்துவிடுங்கள். மெட்ரோ, டாக்சி, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கும் வண்டி வரை எல்லா இடத்திலும் அதுதான் ஓடும். கூகுளும் வாட்ஸப்பும் சீனாவின் சாதாரண இணையத்தில் வேலை செய்யாது. உங்கள் நாட்டு எண்ணை ரோமிங்கில் வைத்தால் பெரும்பாலும் கிடைக்கும். வரைபடத்துக்கு அமாப் என்ற சீனச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய இடங்களின் பெயர்களை ஓட்டல் வரவேற்பில் சீன எழுத்தில் எழுதி வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், டாக்சிக்காரரிடம் உச்சரிப்போடு போராட வேண்டியிருக்காது.

நவம்பர் முதல் மார்ச் வரை கட்டணம் குறைவு. யீஹெயுவானுக்கு 20 யுவான், பெய்ஹாய்க்கு 5 யுவான்தான். உள்ளே இருக்கும் முக்கிய மண்டபங்களையும் சேர்த்துப் பார்க்கத் தொகுப்புச் சீட்டு தனியாக உண்டு. யீஹெயுவானில் மலை ஏற முடிகிறவர்கள் மட்டும் அதை வாங்கினால் போதும். குடும்பம் முழுவதற்கும் வாங்க வேண்டாம். திங்கட்கிழமைகளில் உள்மண்டபங்கள் சில மூடியிருக்கலாம் என்பதால் அந்த நாளை வேறு வேலைக்கு ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: உடை

தடியாக ஒரு சட்டை போடுவதைவிட மெல்லியதாக மூன்று போடுவது நல்லது. உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். தெர்மலுக்குப் பதில் பருத்தி பனியனைப் போடாதீர்கள். நடக்கும்போது வியர்த்து, நின்றதும் அந்த ஈரமே குளிராக மாறும். குழந்தைகளுக்கு மாற்றுத் தெர்மலும் மாற்றுக் காலுறையும் பையில் இருக்கட்டும்.

சேலைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள், பாட்டிகளுக்கு உள்ளே தெர்மல் கால்சட்டையும், தரையில் புரளாதபடி சற்றே ஏற்றிக் கட்டிய சேலையும், முழங்காலுக்குக் கீழே வரும் நீண்ட ஜாக்கெட்டும் போதும். ஷூ மட்டும் கண்டிப்பாக வேண்டும். தடித்த காலுறை போட்டு விரலை அசைக்க இடம் இருக்கும்படி ஓர் அளவு பெரியதாக வாங்குங்கள். ஷூ இறுக்கமாக இருந்தால் எத்தனை காலுறை போட்டாலும் கால் விறைக்கும். காதை மூடும் குல்லா, கையுறை, கழுத்துக்கு மஃப்ளர் ஆகியவை ஆளுக்கொன்று.

குளிரைவிட அதிகம் படுத்துவது வறட்சி. பெய்ஜிங் குளிர்காலத்தில் பனி விழுவதே அபூர்வம். காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும், சில குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் கசியும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் தட்டும். தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், அதனால் வாசலினைக் கொண்டுபோங்கள். இரவில் அறையில் ஒரு துண்டை நனைத்துத் தொங்கவிட்டால் மூச்சுக்கு இதமாக இருக்கும். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை நகர் முழுவதும் மைய வெப்பமூட்டல் ஓடுவதால் கட்டடங்களுக்குள் கதகதப்பாகவே இருக்கும். உள்ளே போனதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்துக்கொண்டே வெளியே வருவீர்கள்.

உடையில் ஒட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டைகள் எல்லாச் சின்னக் கடைகளிலும் கிடைக்கும். ‘நுவான் பாவ் பாவ்’ என்று கேளுங்கள். தோலில் நேராக ஒட்டக் கூடாது, தூங்கும்போது வைக்கவும் கூடாது; மெதுவாகச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். கைப்பேசியை உள் சட்டைப் பையில் வையுங்கள். வெளியே வைத்தால் குளிரில் மின்கலம் திடீரென்று படுத்துவிடும்.

நான்காம் படி: முதல் நாள் பெய்ஹாய்

உடம்பு பழக முதலில் சின்னப் பூங்காவுக்குப் போவது நல்லது. பெய்ஹாய் சுமார் 69 ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் ஏரி. குளிர் தாங்கவில்லை என்றால் சீக்கிரம் வெளியேறிவிடலாம். மெட்ரோ 6ஆம் வழித்தடத்தில் பெய்ஹாய்பெய் நிலையம் வடக்கு வாசலுக்குப் பக்கம். தெற்கு வாசலில் நுழைந்தால், பாலத்தைக் கடந்ததும் தீவின் உச்சியில் 1651இல் கட்டிய வெள்ளைத் தூபி நிற்கும்.

வடகரையில் இருக்கும் ஒன்பது டிராகன் சுவரைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். 1756இல் மெருகேற்றிய வண்ண ஓடுகளால் கட்டியது. இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பது பெரிய டிராகன்கள், ஓரங்களிலும் கூரை ஓடுகளிலும் நூற்றுக்கணக்கில் சிறியவை. யார் அதிகம் கண்டுபிடிப்பது என்று போட்டி வைத்தால் குளிரே மறந்துவிடும்.

இந்த ஏரிதான் சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் பனிச்சறுக்கு அரங்கு. அவர்கள் மஞ்சு இனத்தவர். மஞ்சு இனத்தவருக்குச் சறுக்கு வெறும் விளையாட்டாக இருக்கவில்லை, போர்ப் பயிற்சியாகவும் இருந்தது. சியென்லோங் பேரரசர் அதை நாட்டு வழக்கம் என்றே அறிவித்து, ஆண்டுதோறும் எட்டுப் பதாகைகள் எனப்படும் சிங் படையிலிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்து அரசவை முன்னால் சறுக்கவைத்தார். வளைந்து வளைந்து வரிசையாகச் சறுக்கி வந்து, தொங்கும் பந்தை அம்பால் அடிக்க வேண்டும். அந்தக் காட்சியை வரைந்த நீண்ட ஓவியச் சுருள் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு மறுநாள் யீஹெயுவானில் பிள்ளைகளைப் பனிக்கட்டியில் இறக்குங்கள். கால் வழுக்கி விழும்போதுகூட வீரர்களாகத்தான் விழுவார்கள்.

சைவக்காரர்களுக்கும் பெய்ஹாயில் ஒரு நல்ல செய்தி உண்டு. பட்டாணியை வேகவைத்து அரைத்துச் சர்க்கரை சேர்த்துச் செய்யும் மஞ்சள் வில்லை, ‘வான்தோஹுவாங்’, சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் ஆட்சியைக் கையில் வைத்திருந்த சிஷி பேரரசித் தாயார் விரும்பிய பலகாரமாம். 1925இல் அரண்மனைச் சமையல்காரர்கள் இங்கே தொடங்கிய ஃபாங்ஷான் உணவகத்தின் பெயரோடு சேர்ந்தே பேசப்படுவது. வாயில் வைத்தால் கரையும்.

ஐந்தாம் படி: இரண்டாம் நாள் யீஹெயுவான்

ஒரு முழு நாளை இதற்கு வையுங்கள். வடக்கிலிருந்து பலத்த காற்று அடித்த மறுநாள் கிடைத்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. புகைமூட்டம் எல்லாம் விலகி மேற்கு மலைகள் கூர்மையாகத் தெரியும். காற்றுத் தரக் குறியீடு 150க்கு மேல் என்றால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

சியென்லோங் தன் தாயின் அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1750இல் இதைத் தொடங்கினார். 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் எரித்தன. சிஷி பேரரசித் தாயார் மறுபடி கட்டி 1888இல் யீஹெயுவான் என்று பெயரிட்டார். சுமார் 290 ஹெக்டேரில் முக்கால் பங்கு நீர். கோடையில் படகு ஓடும்; குளிர்காலத்தில் ஓடாது. ஆகவே எல்லாம் நடைதான். எந்த வாசலில் நுழைகிறீர்கள் என்பதில்தான் அன்றைய நாள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மெட்ரோ 4ஆம் வழித்தடத்தில் பெய்கோங்மென் நிலையம் வடக்கு வாசலுக்கு மிக அருகில் என்பதால் எல்லாரும் அங்கே இறங்குவார்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் அதைச் செய்ய வேண்டாம். நுழைந்தவுடனேயே மலையின் பின்பக்கம் ஏறி இறங்க வேண்டிவரும். ஒரு நிலையம் முன்பாக ஷியுவானில் இறங்கிக் கிழக்கு வாசலுக்கு நடந்தோ டாக்சியிலோ போங்கள். அங்கிருந்து தரை பெரும்பாலும் சமம்.

காலை ஒன்பதரைக்குமுன் போக வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏழரை மணி ஆகும். தரைக்கற்கள் வெயில் பட்டு வறண்டபின் நடப்பது பாதுகாப்பு.

அரசவை மண்டபத்தைத் தாண்டி ஏரிக்கரைக்கு வந்ததும் யுலான்தாங் என்ற முற்றம். 1898இல் சீர்திருத்தம் செய்ய முயன்ற இளம் பேரரசர் குவாங்ஷுவை சிஷி சிறை வைத்த இடங்களில் இது ஒன்று. பக்க அறைகளுக்குள் எட்டிப் பாருங்கள். வழியை அடைக்க எழுப்பிய செங்கல் சுவர் இன்றும் நிற்கிறது. சற்றுத் தள்ளி லேஷோதாங் முற்றத்தில் படுத்திருக்கும் பெரிய பாறைக்குக் ‘குடும்பத்தை அழித்த கல்’ என்று பெயர். சிங்குக்கு முந்தைய மிங் வம்சக் காலத்து அதிகாரி ஒருவர் இதை மலையிலிருந்து தன் தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்று சொத்தையெல்லாம் இழந்தாராம். வழியிலேயே கிடந்த கல்லைப் பிறகு சியென்லோங் எடுத்துவந்தார்.

அங்கிருந்து நீண்ட நடைக்கூடம் தொடங்குகிறது. 728 மீட்டர் நீளம். உத்தரங்களில் 14,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள். இதை வேகமாகக் கடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பறவை, மலர், ஏரிக்கரைக் காட்சி, பழங்கதை என்று ஒவ்வொரு உத்தரமும் தனி. பிள்ளைகளிடம் கையில் தடியோடு இருக்கும் குரங்கு அரசனைத் தேடச் சொல்லுங்கள். பெரியவர்கள் பக்கத் திண்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம். திண்டு குளிரும் என்பதால் மடித்த துணியோ சிறு பாயோ கையில் இருக்கட்டும். நடுவே மலைமேல் 41 மீட்டர் உயர புத்த மணக் கோபுரம். படிகள் செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழிருந்து பார்க்கவே அது அமைக்கப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். ஏறுகிறவர்கள் போய்வரும் வரை மற்றவர்கள் காற்றில் நிற்காமல் பக்கத்தில் திறந்திருக்கும் தேநீர்க் கடைக்குள் காத்திருக்கட்டும்.

நடைக்கூடம் முடிந்ததும் பளிங்குப் படகு. 36 மீட்டர் நீளம், அடிப்பாகம் 1755இன் கல். மேலே இருப்பது 1893இல் மரத்தில் கட்டிப் பளிங்குபோல் வண்ணம் பூசியது. கடற்படைக்கு ஒதுக்கிய பணம் இந்தப் பூங்காவின் சீரமைப்புக்குப் போனது. 1894, 95இல் ஜப்பானிடம் சீனக் கடற்படை தோற்றது. பெரிய பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் நின்று வரலாறு சொன்னால் நன்றாகப் பதியும்.

மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரைதான் பனிக்கட்டிக்கு நேரம், வெயில் உச்சியில் இருக்கும்போது. குன்மிங் ஏரியில் போதிய தடிமன் உறைந்தபின் சறுக்குத்திடல் திறப்பார்கள். எந்தக் கரையில் நுழைவு என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சறுக்கத் தெரிய வேண்டியதில்லை. அடியில் இரும்புப் பட்டை வைத்த நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு கம்பிகளால் குத்தித் தள்ளிக்கொண்டு போகலாம், பின்னாலிருந்து யாராவது தள்ளியும் விடலாம். பாட்டியை உட்காரவைத்துப் பேரன் தள்ளிக்கொண்டு போவது அங்கே சாதாரணக் காட்சி. வேலி போட்ட பகுதியைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காதீர்கள். பாலங்களுக்கு அடியிலும் கரையோரத்திலும் பனிக்கட்டி மெலிதாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் யாராவது இறங்குகிறார்கள் என்பது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது.

சாப்பாட்டுக்குப் பூங்காவை நம்ப வேண்டாம். அசைவக்காரர்களுக்கு நூடுல்ஸ் கிடைத்துவிடும். சைவக்காரர்கள் சுட்ட சர்க்கரைவள்ளி, வறுத்த கஷ்கொட்டை, குச்சியில் கோத்துச் சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த புளிப்புப் பழமான தாங்ஹுலு ஆகியவற்றோடு கையில் ரொட்டியும் கொட்டை வகைகளும் வைத்திருங்கள். ‘வோ ச்சீ சூ’, அதாவது நான் சைவம் என்று சொன்னாலும், குழம்பில் இறைச்சிச் சாறு கலந்திருக்கலாம். இறைச்சி, மீன், முட்டை, சாறு எதுவும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் காட்டுவதே உறுதி. சீனாவில் எங்கே போனாலும் குடிக்க வெந்நீர் கிடைக்கும். ஆளுக்கு ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குக் காகிதத்தை நீங்களே எடுத்துப் போக வேண்டும்.

இரண்டு மணிக்குமேல் கிழக்குக் கரை வழியாகத் தெற்கே நடந்தால் வெண்கல எருதும், அதையடுத்துப் பதினேழு கண் பாலமும் வரும். 150 மீட்டர் நீளம், கைப்பிடித் தூண்களில் 544 கல் சிங்கங்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. வழியில் மேற்கே திரும்பிப் பாருங்கள். ஏரிக்கு அப்பால் குன்றின்மேல் ஒரு கோபுரம் தெரியும். அது யுச்சுவான் குன்று, பூங்காவுக்குள் இல்லை. வெளியே இருக்கும் மலையையும் கோபுரத்தையும் தன் காட்சியாகவே எடுத்துக்கொள்ளும்படி தோட்டத்தைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். இரவல் காட்சி என்பது சீனத் தோட்டக்கலையின் உயிர். வில்லோ மரங்கள் இலையோடு நிற்கும் மாதங்களில் இதைப் பாதிதான் பார்க்க முடியும்.

அரையாண்டு விடுமுறையில் வருகிறவர்களுக்கு நான் சொன்ன காட்சி இந்தப் பாலத்தில்தான். குறுகிய பகல் நாளை ஒட்டி, அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள், சாயும் சூரியன் தென்மேற்கே தாழ்ந்து நின்று பதினேழு கண்களின் உட்சுவர்களிலும் ஒரே நேரத்தில் பொன்னொளி பாய்ச்சுகிறது. வானம் தெளிவாக இருக்க வேண்டும். சூரியன் மறைவது ஐந்து மணிக்குச் சற்று முன் என்பதால் மூன்றரைக்கே இடம் பிடித்துவிடுங்கள். முக்காலியோடு புகைப்படக்காரர்கள் அதற்கு முன்பே வரிசையாக நிற்பார்கள். ஒருவர் இடம் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் குழந்தைகளோடு நடந்துகொண்டே இருங்கள். அசையாமல் நின்றால் இருபது நிமிடத்தில் கால் விறைத்துவிடும். முடிந்ததும் கிழக்கு வாசலுக்குத் திரும்பி நடக்காதீர்கள். பாலத்துக்கு அருகில் இருப்பது ஷின்ஜியென்கோங்மென் வாசல். அங்கே வெளியேறி டாக்சி பிடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: மூன்றாம் நாள், அரை நாள் மட்டும், யுவான்மிங்யுவான்

கோடைக்கால அரண்மனையைவிடப் பெரியது, சுமார் 350 ஹெக்டேர். 1707இல் காங்ஷி பேரரசர் தன் நான்காம் மகனுக்குக் கொடுத்த தோட்டமாகத் தொடங்கியது. 1860 அக்டோபரில், சீனர்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய, பிரெஞ்சுத் தூதர்குழுவினர் சிலர் சிறையில் இறந்ததற்குப் பதிலடியாக, பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு உத்தரவிட்டு எரித்தார்கள். அதற்கு முன்பே கொள்ளை நடந்துவிட்டது. அந்தப் படையெடுப்பில் இந்தியப் படைப்பிரிவுகளும் இருந்தன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை 1860 பீக்கிங் போருக்கான போர் விருதை இன்றும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

மர மண்டபங்கள் சாம்பலாகிவிட்டதால் பெரும்பகுதி இப்போது ஏரியும் மேடும்தான். நின்றிருப்பது இத்தாலியத் துறவி காஸ்டில்யோனே சியென்லோங்குக்காக வடிவமைத்த ஐரோப்பிய பாணிக் கல் மாளிகைகளின் எச்சம். கல் என்பதால்தான் அது தப்பியது. வாசலில், மேற்கு மாளிகைகள் எனப்படும் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சீட்டு வாங்குங்கள், அதற்கெனத் தனிக் கட்டணம் உண்டு. தெற்கு வாசலிலிருந்து நல்ல தூரம் நடக்க வேண்டும். அங்கே செங்கல்லால் கட்டிய சுற்றுவழிப் புதிர் ஒன்று திருப்பிக் கட்டப்பட்டிருக்கிறது. நடு மண்டபத்தில் அமர்ந்து, விளக்கேந்திய அரண்மனைப் பெண்கள் வழி தேடி வருவதைப் பேரரசர் பார்த்தாராம். பிள்ளைகள் அங்கேயே அரை மணி நேரம் ஓடுவார்கள்.

நீரூற்றாக இருந்த பன்னிரண்டு ராசி விலங்குகளின் வெண்கலத் தலைகள் கொள்ளையில் போனவை. அவற்றில் குதிரைத் தலை 2020இல் திரும்பி வந்து, பூங்காவின் ஜெங்ஜுவே கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. மாளிகை எச்சங்களைப் பார்த்தபின் அங்கே போனால் எது எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சேர்த்துப் புரியும்.

இங்கே ஒதுங்க இடம் குறைவு, காற்று நேராக வீசும். பத்து மணிக்கு நுழைந்து ஒன்றரைக்குள் முடித்துவிடுங்கள். மெட்ரோ 4ஆம் வழித்தடத்திலேயே யுவான்மிங்யுவான் என்ற நிலையம் இருக்கிறது. எல்லா மெட்ரோ நிலையங்களிலும் பையைச் சோதனை இயந்திரத்தில் வைக்கச் சொல்வார்கள் என்பதால் பழம் நறுக்கும் கத்தியை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள். ஐந்து மணிக்குமேல் அந்த வழித்தடத்தில் அலுவலகக் கூட்டம் நெருக்கும். மதியமே கிளம்பினால் பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும்.